தோளைக் குலுக்கும் வினைச்சொற்கள்

தீபாவளிக்கு மறுநாள் நம்முடைய பழைய மாணாக்கர் ஒருவர் இனிப்புப் பொட்டலத்துடன் நம் வீட்டுக்கு வந்தார். பட்டணத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு உத்தியோகம். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இங்கிலீஷ் பாடத்தில் எப்பொழுதும் முதல்வர். அகராதியை நெட்டுருப் போட்டவர் என்று மற்றப் பிள்ளைகள் பரிகாசம் செய்வதுண்டு. அவ்வளவு கெட்டிக்காரருக்கு அவ்வருஷம் சம்பள உயர்வு கிடைக்கவில்லையாம். காரணம் கேட்டபொழுது முதலில் தயங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். சொல்லி முடித்தபோது அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

அவருக்கு மேலே இருந்த மானேஜர், இவர் இரவெல்லாம் கண் விழித்துத் தயாரித்த கணக்குகளைத் தம்முடைய வேலையென்று மேலிடத்துக்கு அனுப்பி வந்தாராம். அதைக் கவனித்த சகா ஒருவர், வடதேசத்தவர், தமிழ் அறியாதவர், இவர்மேல் இரக்கங்கொண்டு இங்கிலீஷில், "யூ ஷுட் ஸ்டாண்ட் அப் டு ஹிம்" என்று சொல்லியிருக்கிறார். 'ஸ்டாண்ட் அப்' என்றால் எழுந்து நிற்பது. 'டு ஹிம்' என்றால் அவருக்கு. இதில் தெரியாத சொல் எது? தாம் காட்டும் மரியாதை போதவில்லை போலும் என்று எண்ணி, அன்று முதல் மானேஜர் வரும்போதெல்லாம் நம் பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மூன்று மாதம் நின்றார். மானேஜருக்குப் பரம சந்தோஷம். கணக்குகள் முன்போலவே களவு போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு எடுத்துச் சொல்லியும் உறைக்காத மனிதரிடம் இனி என்ன பேசுவது என்று அந்தச் சகாவும் ஒதுங்கிவிட்டார். 'ஸ்டாண்ட் அப் டு' என்பதற்கு 'அஞ்சாமல் எதிர்த்து நில்' என்று பொருள் என்பது, சம்பள உயர்வுப் பட்டியல் வெளியான பிறகு, ஏதோ ஒரு நாவலைப் படிக்கையில்தான் அவருக்குத் தெரியவந்ததாம்.

"ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தானே, ஸார்!" என்றார்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை. அவருக்கு இங்கிலீஷ் கற்பித்தவர் நாம்தாம்.

இவ்வகை வினைகளை இங்கிலீஷ் இலக்கணக்காரர் 'ஃபிரேஸல் வெர்ப்' என்பர். லோகன் பியர்ஸால் ஸ்மித் என்பவர் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இப்பெயரை வழங்கினார். பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியைத் தொகுத்தோருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே தெரிவித்திருக்கிறார். நாம் இங்கே 'கூட்டுவினை' என்று சொல்லிக்கொள்வோம். நிற்றல், பார்த்தல், சாய்தல் போன்ற ஒரு சாதாரண வினை. அதன் பின்னே அப், டவுன், ஆஃப், ஆன் என்று ஓர் ஒட்டுச்சொல். சில வேளைகளில் இரண்டு. இரண்டும் சேர்ந்த மாத்திரத்தில், இரண்டிலும் இல்லாத ஒரு பொருள் பிறக்கும். இது பிறநாட்டாரை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பது இங்கிலீஷ்காரர் அறியாததன்று. டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன் 1755-இல் வெளியிட்ட தமது பேரகராதியின் முகவுரையிலேயே, அந்நியர்க்கு மிகப் பெரிய சங்கடம் விளைவிப்பது இவ்வழக்கம்தான் என்று ஒப்புக்கொண்டு விட்டார்.

இதைக் கண்டு நாம் அந்தப் பாஷையை ஏசவேண்டியதில்லை. நம் வீட்டிலும் இதே விளையாட்டு உண்டு. அவர்கள் வினைக்குப் பின் ஒட்டுச்சொல்லைச் சேர்க்கிறார்கள். நாம் வினைக்குப் பின் வினையையே சேர்க்கிறோம். 'குழந்தையைப் பார்' என்பது ஒன்று, 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பது வேறு, 'ஒரு கை பார்த்துவிடு' என்பது முற்றிலும் வேறு. தமிழ் படிக்க வந்த ஒரு வெள்ளைக்காரர், 'கொள்' என்பதற்கு வாங்குதல் என்றும் 'விடு' என்பதற்குக் கைவிடுதல் என்றும் அகராதியில் பார்த்துக்கொண்டு நம் வீட்டுக் குழந்தையிடம் வந்தால் என்ன ஆகும்?

நம்மவர்க்கு இவ்வினைகள் வாராமைக்குச் சரித்திரத்திலும் ஒரு காரணம் உண்டென்று நாம் கருதுகிறோம். மெக்காலே 1835-இல் தமது குறிப்பை எழுதிய பின், இங்கிலீஷ் நம் நாட்டில் புத்தகத்தின் வழியாகவும் கச்சேரியின் வழியாகவும் பரவியது; அடுப்பங்கரையின் வழியாகவும் தெருத்திண்ணையின் வழியாகவும் பரவவில்லை. புத்தகத்துக்கும் கச்சேரிக்கும் உரியவை லத்தீனிலிருந்து வந்த கனமான சொற்கள். ஆகவே நம் மாணாக்கருக்கு 'டெஸ்பைஸ்' என்றால் தெரியும். 'லுக் டவுன் ஆன்' என்றால் திகைப்பார்கள். வேடிக்கை என்னவெனில், இரண்டும் ஒன்றே. 'டெஸ்பைஸ்' என்பதற்கு மூலமான லத்தீன் வினை, 'கீழ்நோக்கிப் பார்' என்ற கூட்டுவினைதான். 'ரெஸ்பெக்ட்' என்பது திரும்பிப் பார்த்தல். 'ஸஸ்பெக்ட்' என்பது கீழிருந்து மேல்நோக்கி ஒரு பார்வை பார்த்தல். செருக்குள்ளவனைக் குறிக்கும் 'ஸூப்பர்ஸிலியஸ்' என்ற நீண்ட சொல்லுக்குள் ஒளிந்திருப்பது ஓர் உயர்த்திய புருவம். ரோமாபுரியாரும் உடம்பைக் கொண்டுதான் பேசினார்கள். இரண்டாயிரம் வருஷத்துத் தூசி படிந்ததால் அந்த உடம்பு நம் கண்ணுக்குத் தெரியவில்லை. கூட்டுவினைகளில் அது இன்னும் தெரிகிறது. தெரிந்த உடம்பைப் பாராமல் அகராதியைப் பார்ப்பதுதான் நாம் செய்யும் பிழை.

பார்வையிலிருந்தே தொடங்குவோம். மேடைமேல் நிற்பவன் கீழே நிற்பவனைப் பார்க்கிறான்: அதுவே 'லுக் டவுன் ஆன்', இழிவாக நினைத்தல். கீழே நிற்கும் சிறுவன் தகப்பனை அண்ணாந்து பார்க்கிறான்: 'லுக் அப் டு', மதித்துப் போற்றுதல். இதில் 'டு' என்பதை விட்டுவிட்டு 'லுக் அப்' என்று மட்டும் சொன்னால் மதிப்பும் போய்விடும். ஓர் ஆளை 'லுக் அப்' செய்வது என்றால் தேடிப் போய்க் காண்பது, ஒரு சொல்லை 'லுக் அப்' செய்வது என்றால் அகராதியில் தேடுவது. பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொள்வது 'லுக் அவே'. எதிரே நிற்பவன் கண்ணாடியால் ஆனவன்போல அவனை ஊடுருவி அப்பாலுள்ள சுவரைப் பார்ப்பது 'லுக் த்ரூ'. தெரிந்தவரைத் தெரியாதவர்போல் நடத்தும் இவ்வித்தை எந்தத் தேசத்துக்கும் புதிதன்று. கல்யாண வீடுகளில் போதிய அளவு காணலாம். ஆனால் புத்தகத்தை 'லுக் த்ரூ' செய்வது என்றால் புரட்டிப் பார்ப்பது. மனிதனா, காகிதமா என்பதைக் கொண்டுதான் பொருளைத் துணியவேண்டும்.

கண்ணோடு கண் வைத்து, எதிரியின் பார்வை தாழும்வரை இமையாமல் நோக்குவது 'ஸ்டேர் டவுன்'. இங்கே 'டவுன்' என்பது நம் கண்ணைக் குறிக்கவில்லை. தோற்ற கண்ணைக் குறிக்கிறது. 1962-ஆம் ஆண்டு அக்டோபரில் கியூபாத் தீவின் பொருட்டு அமெரிக்காவும் ஸோவியத் ரஷ்யாவும் அணுகுண்டு யுத்தத்தின் விளிம்பில் நின்றபோது, ரஷ்யக் கப்பல்கள் நடுக்கடலில் நின்றுவிட்டன என்ற செய்தி வந்ததும், அமெரிக்க வெளிநாட்டு மந்திரி டீன் ரஸ்க், விழியோடு விழி வைத்து நின்றோம், மற்றவர்தாம் இமைத்துவிட்டார் என்ற கருத்துப்பட ஒரு வார்த்தை சொன்னார். உலகம் எரிந்து சாம்பலாகாமல் தப்பிய கதையைச் சொல்லவும் அவருக்குச் சிறு பிள்ளைகளின் இமையாப் பார்வை விளையாட்டே உவமையாகக் கிடைத்தது.

கண்ணுக்கு மேலே நெற்றி. நெற்றியைச் சுருக்குவது 'ஃப்ரௌன்'. அதனோடு 'ஆன்' அல்லது 'அபான்' சேர்ந்தால், ஒரு செய்கையை விரும்பாமை. இது பெரும்பாலும் செயப்பாட்டு வினையாக வரும்: இன்ன செய்கை இங்கே 'ஃப்ரௌன்ட் அபான்' என்பார்கள். யார் நெற்றியைச் சுருக்கினார் என்று சொல்லமாட்டார்கள். நம் இளைஞர்கள் இதைப் படித்துவிட்டு, யாரோ முகஞ்சுளிக்கிறார்கள், அவ்வளவுதானே, தடை ஒன்றும் இல்லையே என்று இருந்துவிடுகிறார்கள். அந்தோ! இங்கிலீஷ் மரியாதையில் அதுவே தடை. 'கூடாது' என்று எழுதக் கூசுகிற கையொன்று, நெற்றிச் சுருக்கம் ஒன்றை வரைந்து காட்டுகிறது. உத்தியோகசாலைகளில் வரும் கடிதங்களில் இச்சொல்லைக் கண்டால், 'கண்டிப்பாகக் கூடாது' என்றே வாசித்துக்கொள்ளும்படி நம் மாணாக்கர்க்குச் சொல்லி வருகிறோம்.

தோளுக்கு வருவோம். மேனாட்டார் தோள்கள் இரண்டையும் சற்றே உயர்த்திக் கீழே விடுவார்கள். தெரியாது, என்னால் ஆகாது, எனக்கென்ன என்ற மூன்றுக்கும் அது பொது. இதுவே 'ஷ்ரக்'. இச்செய்கை மனித ஜாதிக்கெல்லாம் பொதுவா என்று அறிய விரும்பிய சார்லஸ் டார்வின், 1867-இல் வினாப் பத்திரம் ஒன்று தயாரித்துப் பல தேசங்களிலும் இருந்த பாதிரிமார்க்கும் உத்தியோகஸ்தர்க்கும் அனுப்பினார். ஒன்றைச் செய்ய இயலாதபோது அந்நாட்டு மனிதன் தோளைக் குலுக்குகிறானா, முழங்கையை உள்ளே மடக்கி உள்ளங்கையை விரிக்கிறானா, புருவத்தை உயர்த்துகிறானா என்பது அவ்வினாக்களுள் ஒன்று. வந்த விடைகளை 1872-இல் வெளியான தமது உணர்ச்சிக் குறிகளைப் பற்றிய நூலில் சேர்த்தார். நம் வீடுகளில் தோள் குலுக்கல் அருமை. நாம் உதட்டைப் பிதுக்குவோம். ஆனால் டார்வின் கேட்ட உள்ளங்கை நம்மிடம் உண்டு. உதவி கேட்டுப் போன இடத்தில் 'அவர் கையை விரித்துவிட்டார்' என்று சொல்லாத தமிழர் யார்?

இந்த ஷ்ரக்குடன் 'ஆஃப்' சேரும்போது, தோளின் மேல் விழுந்த ஒன்றை ஒரு குலுக்கில் கீழே தள்ளிவிடும் தோற்றம் வருகிறது. நிந்தையை 'ஷ்ரக் ஆஃப்' செய்தான் என்றால் பொருட்படுத்தாமல் விட்டான். ஒரு பரீக்ஷையில் இவ்வாக்கியத்தைத் தமிழாக்கச் சொல்லியிருந்தோம். நிந்தையைத் தோளில் சுமந்தான் என்று பாதி வகுப்பு எழுதியது. ஒட்டுச்சொல்லை அவர்கள் கவனிக்கவே இல்லை. 'ஆஃப்' என்பது உடம்பை விட்டு விலகுதல். தூசியைத் தட்டுவதுபோல் ஒருவரைத் தட்டிக் கழிப்பது 'பிரஷ் ஆஃப்'. இவற்றில் ஒரு நுட்பமும் உண்டு: 'அதை' என்னும் சிறு சொல் வந்தால் வினைக்கும் ஒட்டுக்கும் நடுவில்தான் உட்காரும். 'ஷ்ரக் இட் ஆஃப்' என்பதே வழக்கு. 'ஷ்ரக் ஆஃப் இட்' என்றால் கேட்பவர் காதில் கல் விழும். 'லுக் டவுன் ஆன்' என்பதிலோ 'ஹிம்' கடைசியில்தான் வரும். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் 'ஆன்' என்பது வேற்றுமை உருபு போன்றது, 'ஆஃப்' அவ்வாறன்று என்று விளக்குவோம். பத்து வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லச் செய்வது அந்த விளக்கத்தினும் மேலான பயனைத் தருகிறது.

முதுகையே வினையாக்கிய சாமர்த்தியம் இங்கிலீஷுக்கு உரியது. அஞ்சிப் பின்னுக்கு அடி வைப்பது 'பேக் அவே'. சண்டையில் தன் பிடிவாதத்தைத் தளர்த்திக்கொள்வது 'பேக் டவுன்'. நெருக்காதே, எட்டி நில் என்பது 'பேக் ஆஃப்'. கொடுத்த வாக்கிலிருந்து நழுவுவது 'பேக் அவுட்'. ஆனால் 'பேக் அப்' மட்டும் ஒருவர் முதுகுக்குப் பின்னே நின்று தாங்குவது. நான்கு பின்வாங்கல்களுக்கு நடுவே ஒரு துணை! விரல் முட்டியும் இப்படித்தான். 'நக்கிள் டவுன்' என்றால் முனைந்து வேலை செய். கோலி விளையாடும் பையன் முட்டியைத் தரையில் ஊன்றிக் குறி பார்ப்பதிலிருந்து வந்ததென்பர். 'நக்கிள் அண்டர்' என்றால் அடிபணி. ஒட்டு மாறினால் உழைப்பு அடிமைத்தனமாகிவிடுகிறது.

தலையாட்டல் ஒன்று மிச்சம் இருக்கிறது. 'நாட் ஆஃப்' என்பது உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது. மத்தியானம் இரண்டாவது பீரியடில் நாம் நாள்தோறும் காணும் காட்சியாதலால் இதற்கு உரை வேண்டியதில்லை. 'நாட் த்ரூ' என்பதற்குத்தான் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் பார்லிமெண்டின் காமன்ஸ் சபையில் அங்கத்தினர் எழுந்து நடந்து, இரண்டு தாழ்வாரங்களில் ஒன்றன் வழியே சென்றுதான் தம் வாக்கைத் தெரிவிக்க வேண்டும். நடக்க இயலாத நோயாளியானால், சபையின் எல்லைக்குள் வந்துவிட்டாற் போதும். வண்டியில் படுத்தபடியே இருக்கலாம். கட்சிக் கொறடாக்கள் பார்த்துத் தலையசைத்தால் அவர் வாக்கும் எண்ணப்படும். அதுவே ஒருவரை 'நாட் த்ரூ' செய்வது. 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி, ஜேம்ஸ் காலஹனின் தொழிற்கட்சி மந்திரிசபையின் மேல் மார்கரெட் தாட்சர் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. அக்கட்சியின் அங்கத்தினர், டாக்டர் ஸர் ஆல்பிரட் பிராட்டன், மரணப்படுக்கையில் இருந்தார். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுவந்தாற் போதும், ஒரு தலையசைப்பு. வழியிலேயே உயிர் போய்விடக்கூடும் என்று அஞ்சிக் காலஹன் அதற்கு உடன்படவில்லை. 311-க்கு 310, ஒரே வாக்கில் மந்திரிசபை கவிழ்ந்தது. ஐந்து நாளில் பிராட்டன் காலமானார். மே மாதத்துத் தேர்தலில் தாட்சர் பிரதம மந்திரியானார். ஒரு மனிதனை நிம்மதியாகச் சாகவிட்ட காலஹனை அந்த ஒரு காரணத்துக்காகவே நாம் மதிக்கிறோம். அதாவது, 'லுக் அப் டு'.

இதே கூட்டுவினைக்கு இப்பொழுது வழங்கும் மற்றொரு பொருள், விவாதமின்றித் தலையாட்டி நிறைவேற்றிவிடுதல் என்பது. தலையாட்டிச் சபைகளை அறிந்த நம் வாசகர்க்கு உதாரணம் தேவையிராது.

இவ்வினைகள் இன்றும் பிறந்துகொண்டே இருக்கின்றன. மேஜையைச் சுற்றிப் பேச்சு நடக்கும்போது ஈடுபாடுள்ளவர் முன்பக்கம் சாய்வர்; ஒதுங்குகிறவர் நாற்காலியில் பின்னே சாய்வர். முன்னது 'லீன் இன்'. ஃபேஸ்புக் கம்பெனியின் உயர் அதிகாரியாக இருந்த ஷெரில் ஸாண்ட்பர்க் என்ற அம்மையார் 2013-இல் இவ்விரண்டு சொற்களையே தலைப்பாக வைத்து, பெண்கள் உத்தியோகத்தில் ஒதுங்காமல் முன்னே வரவேண்டும் என்று ஒரு நூல் வெளியிட்டார். அன்று முதல் உடம்பின் ஒரு சாய்வு ஒரு கட்சியின் கொள்கைபோல் ஆகிவிட்டது. ஆதரித்தும் எதிர்த்தும் பேசினார்கள்.

காந்தியடிகள் 1909-இல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில், இங்கிலீஷ் கல்வி நம்மை அடிமைப்படுத்திற்று என்று இடித்துரைத்தார். அந்நூலை மறு வருஷம் இங்கிலீஷில் மொழிபெயர்த்தவரும் அவரே. அடிமைக்கும் எஜமானனுக்கும் உள்ள வேற்றுமை அங்கே தெரிகிறது. நாமோ பத்து வருஷம் பிள்ளைகளை அப்பாஷையில் உழலவிட்டு, 'எழுந்து நில்' என்பதற்கும் 'எதிர்த்து நில்' என்பதற்கும் வேற்றுமை தெரியாமல் உலகத்துக்கு அனுப்புகிறோம். 'ஸ்டாண்ட் அப் ஃபார்' என்றால் ஒருவர்க்காகப் பரிந்து நிற்பது என்று அந்த இளைஞர்க்கு அன்றைக்கே சேர்த்துச் சொன்னோம். அவருக்கு அப்படி நின்றவர் அந்த வடதேசத்துச் சகா ஒருவர்தாம் என்பது அப்பொழுதுதான் அவருக்கு உறைத்தது. ஊர் திரும்பியதும் அவரிடம் போய்ப் பேசுவதாகச் சொன்னார்.

அந்தத் தீபாவளிக்குப் பின் நாம் பட்டியல் எழுதிப் போடுவதை நிறுத்திவிட்டோம். வகுப்பில் ஒரு பிள்ளையை முன்னே அழைத்து, உடம்பால் நடித்துக் காட்டச் சொல்கிறோம். மற்றவர்கள் வினையைச் சொல்லவேண்டும், பிறகு ஒட்டை. பெஞ்சுமேல் ஏறி நின்று கீழே இருப்பவனைப் பார்க்கிறான் ஒருவன். சட்டையில் இல்லாத தூசியைத் தட்டுகிறான் இன்னொருவன். அடுத்த வகுப்பு ஆசிரியர் இரைச்சல் தாங்காமல் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தைக் கண்ட ஒரு பையன், "ஃப்ரௌன்ட் அபான், ஸார்!" என்றான்.

சென்ற வாரம் ஒரு பெண் எழுந்து வந்து, மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே தாழ்த்தி நின்றாள். கோயிலிலும் பெரியோர் முன்னிலையிலும் நம் குழந்தைகள் நிற்பார்களே, அந்த நிலை. "இதற்கு என்ன ஒட்டு, ஸார்?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு கூட்டுவினை இங்கிலீஷில் இல்லை என்றோம். கை கட்டி நிற்பவனை அங்கே பணிவுள்ளவனாகக் கொள்ளமாட்டார்கள். மனத்தைச் சாத்திக்கொண்டவன் என்றோ, சண்டைக்கு நிற்பவன் என்றோதான் கொள்வார்கள். தாழ்த்திய கண்ணை, எதையோ மறைக்கிற கண் என்பார்கள் என்றும் விளக்கினோம்.

அவள் கைகளைக் கட்டியபடியே சிறிது யோசித்தாள். "அப்படியானால் அந்த அண்ணன் எழுந்து நின்றதற்குப் பதிலாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் மானேஜருக்குப் புரிந்திருக்குமா, ஸார்?" என்றாள்.

மானேஜரும் தமிழர்தாம் என்றோம். மணி அடித்துவிட்டது.